முகமும் படமும்: ரெனுவாரின் ‘சிறுமி இரேன்’ எழுப்பும் அறக்கேள்வி

உருவத்துக்குச் செலுத்தப்படும் மதிப்பு, அந்த உருவத்துக்கு மூலமாக நின்ற உயிரைச் சென்று சேர்கிறதா என்பது சமயச் சிந்தனையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. வழிபாட்டுக்குரிய திருவுருவங்களை முன்னிட்டே இக்கேள்வி பெரும்பாலும் எழுந்திருக்கிறது என்றாலும், மனிதரின் உருவப்படத்துக்கும் அது சற்றும் குறையாமல் பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் பியேர் ஒகுஸ்த் ரெனுவார் 1880ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தீட்டிய, ‘சிறுமி இரேன்’ என்று பரவலாக அறியப்படும் எண்ணெய் வண்ண ஓவியம் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில் அந்தப் படம் அடைந்த கதியும், அதில் காணப்படும் சிறுமியின் மகளும் பேரப்பிள்ளைகளும் அடைந்த கதியும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. துணியின்மேல் இருந்த வண்ணம் போரையும் கொள்ளையையும் கடந்து பழுதின்றித் திரும்பி வந்தது. அந்த வண்ணத்துக்கு உரியவளின் வழித்தோன்றல்கள் திரும்பி வரவில்லை.

ஓவியத்தில் உள்ளவர் இரேன் காயேன் தான்வெர். 1872இல் பிறந்த அவருக்கு அப்போது வயது எட்டு. அவருடைய தந்தை லூயி காயேன் தான்வெர் பாரிஸின் செல்வாக்குமிக்க யூத வங்கியாளர்களில் ஒருவர். கலை விமர்சகரும் சேகரிப்பாளருமான சார்ல் எஃப்ருசியின் நட்பின் வழியாக ரெனுவாருக்கு அக்குடும்பத்தின் அறிமுகம் கிடைத்தது. ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரமும் 54 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இப்படத்தில், அடர்ந்த பச்சை இலைகளின் முன்னே சிறுமி அமர்ந்திருக்கிறாள். செம்பொன் நிறக் கூந்தல் நீல நாடாவால் மேலே கட்டப்பட்டு, தோளையும் முதுகையும் மூடியபடி இடைவரை இறங்குகிறது. வெளிர்நீலம் படிந்த வெண்ணிற உடையின் மேல், மடியில், இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கண்கள் பார்ப்பவரை நோக்கவில்லை. படச்சட்டத்துக்கு வெளியே எங்கோ அவை நிலைத்திருக்கின்றன.

இளமையில் பீங்கான் பாத்திரங்களில் பூவும் உருவும் தீட்டும் தொழிலைப் பயின்றவர் ரெனுவார். அந்தப் பயிற்சியின் தடம் இச்சிறுமியின் முகத்தில் தெரிகிறது. உடையும் இலைகளும் விரைந்த, கலைந்த தூரிகை வீச்சுகளால் ஆனவை; பொருளின் உறுதியான எல்லைக்கோட்டை விடுத்து, ஒரு கணத்தில் ஒளி அதன்மேல் விழும் விதத்தைப் பிடிக்க முயலும் இம்ப்ரெஷனிஸம் என்ற ஓவியப் போக்கின் முறை அது. முகத்தில் மட்டும் தூரிகை அடங்கி நடக்கிறது. கன்னத்தின் இளஞ்சிவப்பும் நெற்றியின் வெண்மையும் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இழைந்திருக்கின்றன. சுற்றியுள்ள அனைத்தும் அசைய, முகம் மட்டும் அசையாதிருப்பதால், அந்தக் குழந்தை காலத்துக்கு வெளியே எடுத்து வைக்கப்பட்டவள்போலத் தோன்றுகிறாள். ஓவியத்தின் பேரழகும், மெய்யியல் நோக்கில் அதன் பெருஞ்சிக்கலும் இந்த அசைவின்மையிலேயே இருக்கின்றன.

காலத்துக்கு உள்ளே வாழ்ந்த இரேன் 1891இல், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்த யூத வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த மொயீஸ் த கமோந்தோவை மணந்தார். நிசிம் என்ற மகனும் பேயாத்ரிஸ் என்ற மகளும் பிறந்தபின் அந்த மணவாழ்வு முறிந்தது. இரேன் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, சம்பியேரி என்ற இத்தாலியப் பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். நிசிம் முதல் உலகப் போரில் பிரெஞ்சு விமானப்படை வீரராக 1917 செப்டம்பரில் வான்போரில் உயிரிழந்தார். மகனை இழந்த மொயீஸ், பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைப்பொருள்களால் தாம் நிறைத்திருந்த மாளிகையை மகனின் பெயரால் பிரெஞ்சு நாட்டுக்கு எழுதிவைத்து 1935இல் மறைந்தார். பாரிஸின் மொன்சோ தெருவில் உள்ள அம்மாளிகையே நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம் ஆயிற்று.

மகள் பேயாத்ரிஸ், அறிஞர் தெயோதோர் ரைனாக்கின் மகன் லெயோன் ரைனாக்கை மணந்தார். அவர்களுக்கு ஃபானி, பெர்த்ரான் என இரு பிள்ளைகள். தாயின் சிறுவயது ஓவியம் பின்னாளில் மகளின் உடைமையாயிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, பாதுகாப்புக் கருதி, பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் பொறுப்பில் ஷம்போர் கோட்டையில் அது வைக்கப்பட்டது. 1941இல் நாஜிகளின் கலைக்கொள்ளை அமைப்பு அதைக் கைப்பற்றியது; ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெர்மன் கோரிங்கின் வசம் சென்ற அந்த ஓவியம், வேறு ஓவியத்துக்கு ஈடாகப் பண்டமாற்றுச் செய்யப்பட்டது. படத்தை மீட்க லெயோன் ரைனாக் முறைப்படி எழுப்பிய குரலுக்குப் பயன் கிட்டவில்லை. அடுத்த ஆண்டே கைது நடவடிக்கை அக்குடும்பத்தை எட்டியது. பாரிஸுக்கு அருகில் உள்ள திரான்சி முகாமில் அடைக்கப்பட்ட நால்வரில், தந்தையும் இரு பிள்ளைகளும் 1943 நவம்பரிலும், பேயாத்ரிஸ் 1944 மார்ச்சிலும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவரும் மீளவில்லை. பேயாத்ரிஸ் இறந்தது 1945 ஜனவரியில்; அதே மாதம் 27ஆம் நாள் சோவியத் படை ஆஷ்விட்ஸை விடுவித்தது. அவரும் தாயைப் போலவே கத்தோலிக்கராகியிருந்தார். அண்ணன் நாட்டுக்காக உயிர் நீத்ததும், தந்தை மாளிகையையே நாட்டுக்குக் கொடுத்ததும், சமயம் மாறியதும் அவரைக் காக்கவில்லை. ரெனுவார் 1881இல் இளஞ்சிவப்பு உடையிலும் நீல உடையிலுமாகச் சேர்த்து வரைந்த இரேனின் இரு தங்கைகளில் ஒருவரான எலிசபெத்தும் தம் எழுபதாம் வயதை நெருங்கிய நிலையில் நாடுகடத்தப்பட்டு 1944இல் மாண்டார்.

சம்பியேரி என்ற பெயரோடு வாழ்ந்த இரேன் உயிர் தப்பினார். 1946இல், ஜெர்மனியிலிருந்து மீட்கப்பட்ட பிரெஞ்சுத் தனியார் கலைச்செல்வங்களின் கண்காட்சி பாரிஸில் நடந்தபோது அதில் இந்த ஓவியமும் இடம்பெற்றது. கொல்லப்பட்ட மகளின் வாரிசாகத் தாய் தன் எட்டு வயது முகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெற்றோரின் உடைமை பிள்ளைக்குச் செல்வது உலக வழக்கம். இங்கே பிள்ளையின் உடைமை தாய்க்கு வந்தது. 1949இல் அவர் அதை சூரிக் நகரின் சேகரிப்பாளர் எமில் பூர்லேவுக்கு விற்றுவிட்டார். போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனிக்கும் ஆயுதம் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய தொழிலதிபர் பூர்லே. இரேன் 1963இல் மறைந்தார். படம் இன்று சூரிக்கின் குன்ஸ்ட்ஹவுஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இந்த வரலாற்றை மதிப்பிட, இரேன் பிறந்த யூத சமயமே உரிய அளவுகோலைத் தருகிறது. அச்சமயத்தின் மறைநூலில் உருவத்தைப் பற்றி இரண்டு போதனைகள் உள்ளன. ஒன்று, விடுதலைப் பயண நூலின் பத்துக் கட்டளைகளில் வரும் தடை: விண்ணிலோ மண்ணிலோ நீரிலோ உள்ள எதன் உருவத்தையும் செய்து வணங்கலாகாது என்பது. மற்றொன்று, தொடக்க நூலில் வரும் அறிவிப்பு: கடவுள் மனிதரைத் தம் உருவிலேயே படைத்தார் என்பது. உருவங்களை அத்தனை கடுமையாக விலக்கும் ஒரு சமயம், மனிதரையே கடவுளின் உருவம் என்று சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள் என்பது புலப்படும். கடவுளுக்கு ஏற்கெனவே உலகில் ஓர் உருவம் உண்டு. அது மூச்சுவிடும் மனிதர். ஆகவே மரத்தாலும் கல்லாலும் இன்னோர் உருவம் செய்து அந்த இடத்தில் நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. கொலையை விலக்குவதற்குத் தொடக்க நூல் கூறும் காரணமும் இதுவே: மனிதரின் குருதியைச் சிந்துவது கடவுளின் உருவத்தின்மேல் கைவைப்பதாகும்.

இக்கொள்கையை யூத சமயச் சான்றோர் மேலும் விரித்தனர். சமயச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னாவில், உயிர்த்தண்டனை வழக்குகளில் சாட்சி சொல்ல வருவோரை எச்சரிக்கும் பகுதியில், மனிதர் ஒரே அச்சில் அடிக்கும் நாணயங்கள் யாவும் ஒன்றுபோலவே இருக்கும் என்றும், கடவுளோ முதல் மனிதனின் அச்சிலேயே அனைவரையும் வார்த்தும் ஒருவர் மற்றவரைப்போல் இருப்பதில்லை என்றும், ஓர் உயிரை அழிப்பவர் முழு உலகையும் அழித்தவராவார் என்றும் கூறப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ், மனித உருவைப் புடைப்பாகச் செதுக்குவதை விலக்கியபோதிலும், பலகையில் வண்ணத்தால் தட்டையாகத் தீட்டுவதை அனுமதித்தார். எனவே வங்கியாளர் வீட்டுச் சுவரில் மகளின் படம் தொங்கியதில் சமய மீறல் எதுவும் இல்லை. படம் இருக்கலாம், உயிருள்ள முகத்துக்கு உரிய இடத்தை அது எடுத்துக்கொள்ளலாகாது என்பதுதான் அச்சமயம் கோரும் ஒழுங்கு.

இரேன் பின்னர் தழுவிய கிறிஸ்தவம் உருவங்களை ஏற்றது. ஏற்பதற்கு அது ஒரு நெறியையும் வகுத்தது. நான்காம் நூற்றாண்டில் புனித பசீல் வேறொரு சூழலில் கூறிய கருத்தை எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் திருவுருவப் படங்களுக்கு ஆதரவாக எடுத்தாண்டார்; 787இல் கூடிய இரண்டாம் நீசேயப் பொதுச்சங்கமும் அதை உறுதிசெய்தது. உருவத்துக்குச் செய்யப்படும் வணக்கம் உருவத்தில் தங்குவதில்லை, அதன் மூலத்துக்குக் கடந்து செல்கிறது என்பதே அந்நெறி. கடந்து செல்லும்வரைதான் அது வணக்கம். வண்ணத்திலேயே நின்றுவிட்டால் அதுவே உருவமயக்கம், அதாவது பொருளை உயிராகவும் உயிரைப் பொருளாகவும் எண்ணும் பிழை.

‘சிறுமி இரேன்’ ஓவியத்தின் வரலாற்றை இந்நெறியால் அளந்து பார்க்கும்போது கிடைக்கும் விடை கொடியது. அப்படத்தைக் கைப்பற்றியவர்கள் அதை மதிக்காமல் இல்லை, மதித்ததால்தான் கைப்பற்றினார்கள். சிதையாமல் கொண்டுபோகவும், பட்டியலில் பதியவும், பத்திரப்படுத்தவும் அறிந்திருந்தார்கள். அந்த மதிப்பு மூலத்தை நோக்கி ஓர் அடிகூட நகரவில்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டுகளில், யூதச் சிறுமியின் படத்தை விலையுயர்ந்த பொருளாகப் பாதுகாத்தது. அச்சிறுமியின் மகளையும் பேரப்பிள்ளைகளையும் சரக்கு வண்டியில் ஏற்றியது. ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், உலகில் உள்ளவற்றுக்கு விலை இருக்கும் அல்லது மாண்பு இருக்கும் என்று பகுத்தார். ஈடாக வேறொன்றை வைக்க இயலுமானால் அது விலை உடையது, எதையும் ஈடுவைக்க இயலாதது மாண்பு உடையது. ஓவியத்துக்கு ஓவியம் மாற்றிக்கொண்ட கோரிங்கின் பேரம் விலையின் உலகுக்கு உட்பட்டது. ஃபானிக்கும் பெர்த்ரானுக்கும் ஈடாக வைக்கத்தக்கது எதுவும் எந்த உலகிலும் இல்லை.

அழகை நுகரப் பழகிய மனம் நன்மையையும் நாடும் என்ற நம்பிக்கை ஐரோப்பியச் சிந்தனையில் வேரோடியது. பிளேட்டோவின் உரையாடல்களிலேயே, அழகிய உடலில் தொடங்கும் நாட்டம் படிப்படியாக உயர்ந்து அழகின் மூலத்தை அடையும் என்ற கருத்து உண்டு. அந்த நம்பிக்கையைக் கொள்ளையர்கள் மட்டும் பொய்யாக்கவில்லை. ஓவியர் ரெனுவாரே அதற்கு எதிர்ச்சான்றாக நிற்கிறார். பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட யூத இராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் திரைஃபுஸின் வழக்கு பிரான்சை 1894 முதல் 1906 வரை இரு கூறாகப் பிளந்தபோது, ரெனுவார் திரைஃபுஸுக்கு எதிரான பக்கத்தில் நின்றார். யூதரைப் பற்றி வெறுப்போடு பேசவும் செய்தார். யூதக் குழந்தையின் முகத்தை அத்தனை பரிவோடு தீட்டிய கையின் உரிமையாளர், யூதர் என்ற கூட்டத்தைப் பற்றி எண்ணியபோது அந்த முகத்தை நினைத்துப் பார்க்கவில்லை. கண் கண்டது, கண்டது அறமாக மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு ஆழமான விளக்கம் தந்தவர் இம்மானுவேல் லெவினாஸ். லித்துவேனியாவில் 1906இல் யூதக் குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சுக் குடிமகனான இவர், போர்க் கைதியாக ஜெர்மனியில் அடைபட்டிருந்த ஆண்டுகளில், லித்துவேனியாவில் இருந்த இவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் கொல்லப்பட்டனர். 1948இல் கலையைப் பற்றி எழுதிய கட்டுரையில், சிலையிலும் ஓவியத்திலும் பிடிக்கப்பட்ட கணம் ஒருபோதும் அடுத்த கணத்தை எட்டுவதில்லை என்று அவர் வாதிட்டார். மலரப்போகும் புன்னகை என்றைக்கும் மலரப்போவதாகவே நின்றுவிடுகிறது. உயிருக்கு எதிர்காலம் உண்டு. உருவுக்கு அது இல்லை. 1961இல் வெளியான தம் பெருநூலில் அவர் முகம் என்பதைத் தனிக் கருத்தாக வளர்த்தார். அவர் நோக்கில் முகம் என்பது கண், மூக்கு, நிறம் ஆகியவற்றின் தொகுப்பு அன்று. எதிரே நிற்கும் பிறர், தம் காப்பற்ற நிலையாலேயே, கொல்லாதே என்று நம்மை நோக்கி இடும் கட்டளை அது. பார்த்து இரசிக்கப்படும் பொருளாக முகத்தை ஆக்கிய நொடியில் அக்கட்டளை செவிக்கு எட்டாமல் போகிறது.

ரெனுவாரின் சிறுமி பார்ப்பவரை நோக்கவில்லை என்பது இங்கே பொருள் பெறுகிறது. அவள் எதையும் கேட்கவில்லை. எவரையும் பொறுப்புக்கு உட்படுத்தவில்லை. எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் திரும்பிப் பார்த்து யாரையும் சங்கடப்படுத்தப் போவதும் இல்லை. பார்ப்பவருக்கு இன்பம் உண்டு, கடமை இல்லை. உயிருள்ள குழந்தையின் முன் இத்தகைய விடுதலை எவருக்கும் கிடைக்காது. அவளுக்குப் பசிக்கும், அவள் அழுவாள், வளர்வாள், மறுத்துப் பேசுவாள், தாயாவாள், முதுமை எய்துவாள். எட்டு வயதோடு நிறுத்தி வைக்கப்பட்ட இரேனை நேசிப்பது எளிது. எழுபத்துநான்கு வயதில், முதல் மணத்தில் பிறந்த மகனையும் மகளையும், அம்மகளின் பிள்ளைகளையும் இழந்து, தன் பழைய முகத்தைத் திரும்பப் பெற்ற இரேனை நேசிப்பதுதான் அறத்தின் தொடக்கம்.

அவ்வாறாயின் கலையே பழிக்குரியது என்று முடிவுகட்டத் தோன்றலாம், அம்முடிவு பிழையானது. லெவினாஸே அந்தக் கட்டுரையில், அசையாது நிற்கும் கலைப்படைப்பை மனித வரலாற்றுக்குள் மீண்டும் கொண்டுவரும் பணி விமர்சனத்துக்கு, அதாவது படைப்பைப் பற்றிய சிந்தனைக்கும் பேச்சுக்கும், உரியது என்று கண்டார். படம் தானாகப் பேசாது. அதன் கதையை அறிந்தவர் அதற்குக் குரல் தரலாம். மொன்சோ தெரு அருங்காட்சியகத்தின் வாயிலில், நிசிமின் பெயரோடு ஆஷ்விட்ஸில் மாண்ட பேயாத்ரிஸ் குடும்பத்தாரின் பெயர்களும் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதைப் படித்துவிட்டு உள்ளே நுழைபவருக்கு அங்குள்ள நாற்காலியும் கடிகாரமும் பீங்கான் தட்டும் வெறும் அலங்காரப் பொருள்களாக இருக்க முடியாது. உருவத்திலிருந்து மூலத்துக்குச் செல்லும் பாதையை அந்தச் சில வரிகள் திறந்துவிடுகின்றன.

சூரிக்கில் இதே கேள்வி பொது விவாதமாகவே எழுந்தது. பூர்லேவின் சேகரிப்பு 2021இல் குன்ஸ்ட்ஹவுஸின் புதிய கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அச்செல்வம் வந்த வழியும், ஓவியங்களின் முன்னாள் யூத உரிமையாளர்களின் கதையும் போதிய அளவு சொல்லப்படவில்லை என்ற கண்டனம் வலுத்தது. வரலாற்றாசிரியர் இராஃபேல் கிராஸ் தலைமையில் நடந்த தனி ஆய்வு, உடைமை வரலாற்றைப் பற்றி அதுவரை செய்யப்பட்ட ஆராய்ச்சி போதாது என்று 2024இல் அறிவித்தது. ‘சிறுமி இரேன்’ உரிமையாளருக்கே திருப்பித் தரப்பட்டு, அவராலேயே விற்கப்பட்டது; ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்த விற்பனையில் குறையில்லை. சட்டம் நிறைவுபெற்ற இடத்திலும் அறத்தின் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதையே இந்த ஓவியம் காட்டுகிறது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னும், யாருடைய முகம், அவருக்கு என்ன நேர்ந்தது, அவருடைய மக்களைக் காக்காத உலகம் இந்தத் துணியை ஏன் காத்தது என்ற கேள்விகள் மீதமிருக்கின்றன.

உருவத்துக்குச் செலுத்தும் மதிப்பு மூலத்தைச் சென்று சேர்கிறதா என்ற தொடக்க வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது: அது தானாகச் சென்று சேர்வதில்லை, மதிப்பவர் கொண்டுசேர்த்தால் மட்டுமே சேரும். அழகுணர்வு எத்தனை நுண்மையானதாக இருந்தாலும் அந்தப் பணியை அது தானே செய்துவிடாது என்பதற்குக் கொள்ளையரும் சேகரிப்பாளரும் ஓவியரும் சான்று. ஆகவே எந்தக் கலைக்கூடத்திலும், எந்த நாட்டிலும், ஒரு குழந்தையின் பழைய உருவப்படத்தின் முன் நிற்கும் பார்வையாளர், ஓவியரின் பெயரைப் படித்ததோடு நில்லாமல் குழந்தையின் பெயரையும் படிக்க வேண்டும்; வரைந்த ஆண்டை அறிந்ததோடு அமையாமல், அதன் பின்வந்த ஆண்டுகளில் அக்குழந்தைக்கும் அதன் வழியினருக்கும் நேர்ந்ததையும் கேட்டறிய வேண்டும். படத்தைப் பாதுகாக்கும் உலகம், அதைவிடப் பல மடங்கு கவனத்தோடு, இன்று உயிரோடிருக்கும் குழந்தைகளின் முகங்களைப் பாதுகாக்கக் கடமைப்பட்டிருக்கிறது.